வீட்டில் பார்த்தேன், சந்தேகம் இல்லை

என் வாழ்நாளில் நான் எழுதியவற்றிலேயே அதிகம் பேர் கைக்குப் போய்ச் சேர்ந்தது ஒரே ஒரு வாக்கியம். 'புகார்தாரர் குற்றப் பின்னணி உடையவர் என அறியப்படுவதால், மேல் நடவடிக்கை ஏதுமின்றிப் புகார் முடித்து வைக்கப்படுகிறது.' ஒரு கையில் உளுந்த வடையை வைத்துக்கொண்டு, மறு கையால் ஒற்றை விரலில் தட்டியது. கணினியில் சேமித்து வைத்திருந்தேன். பெயர், ஊர், தேதி மூன்றையும் மாற்றினால் கடிதம் ரெடி. வடை ஆறுவதற்குள் ஒரு மனிதனை முடித்துவிடலாம். அந்தத் திறமையை பார்க்கிற ஆளிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டவன் நான்.

திண்டுக்கல்லில், போலீஸ்காரர்கள் மேல் ஜனங்கள் கொடுக்கிற புகாரை விசாரிக்க ஒரு சின்ன அலுவலகம். பழைய கட்டடத்து மாடியில் இரண்டு அறை. ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர் தலைவர். வாரத்தில் இரண்டு நாள் அவர் வருவார். மிச்ச நாளெல்லாம் அவருடைய துண்டு மட்டும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும். அங்கே நான் உதவியாளர். கண்காணிப்பாளராக அந்த மேடம் மாற்றலாகி வந்த முதல் நாளே, என் அமர வாக்கியம் அவர் கண்ணில் பட்டது.

குள்ளமான உருவம். கஞ்சி போட்ட பருத்திச் சேலை. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் தொங்கும் கண்ணாடி. வெயிலோ மழையோ, கையில் ஒரு கறுப்புக் குடை. திண்டுக்கல்லில் மூன்று தலைமுறையாக வாத்தியார்களைப் பெற்றுப் போட்ட கத்தோலிக்கக் குடும்பம். இவர் மட்டும் வாத்தியார் வேலைக்குப் போகவில்லை. பிள்ளைகள் தப்பித்தன, நான் மாட்டிக்கொண்டேன்.

"ஏப்பா, 'அறியப்படுவதால்'னு போட்டிருக்கியே, யாரு அறிஞ்சா?"

"ஸ்டேஷன்ல இருந்து எழுதியிருக்காங்க மேடம்."

"அவங்களுக்கு எப்படித் தெரியுமாம்?"

"அவங்க பதிவேட்டுல இருக்குமாம்."

"இருக்குமாம்." கண்ணாடியை ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். "யாரு பாத்தா?"

அவருடைய மொத்த ஆளும் அந்த இரண்டு சொல்லுக்குள் இருந்தது. நாங்கள் அதைப் புரிந்துகொள்ள ஒரு மாதம் ஆயிற்று. "நேத்து எரியோட்டுல நல்ல மழையாம் மேடம்" என்றால், "யாரு பாத்தா?" "டேங்க்ல தண்ணி ஃபுல்லா இருக்கு மேடம்" என்று கடைநிலை ஊழியர் சொன்னால், சேலைக் கொசுவத்தைச் செருகிக்கொண்டு இரும்பு ஏணியில் ஏறிவிடுவார். ஐம்பத்தேழு வயதில். ஒருமுறை, ரெட்டியார்சத்திரத்தில் மாமியாருக்கு உடம்பு ரொம்ப முடியவில்லை என்று சொல்லி நான் லீவு கேட்டேன். "யாரு பாத்தா?" என்றார். டாக்டர்தான் பார்த்தார் என்று நான் நக்கலாகச் சொன்னேன். அவர் நிதானமாக என் மாமியாருக்கே போன் போட்டார். மாமியார் அந்த நேரம் சந்தையில் தக்காளிக்கு எட்டு ஊர் கேட்கப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். நான் சாவதற்குள் மாமியார் இதை மறக்கப் போவதில்லை.

எங்களிடம் மட்டும் என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். அடிபட்டு வருகிறவர்களிடமும் அவர் அதையேதான் கேட்டார். அது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. பிள்ளையை ஸ்டேஷனில் வைத்து உதைத்தார்கள் என்று ஒரு தாய் வந்து அழுதால், முதல் கேள்வி "யாரு பாத்தா?" இவருக்கு நெஞ்சுக்குள் ஈரமே இல்லையா என்று நினைப்பேன். ஆனால் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க மாட்டார். அந்தத் தாயோடு பெரியாஸ்பத்திரிக்கே போய், பையனின் முதுகைத் தன் கண்ணால் பார்த்துவிட்டு வருவார். வந்த பிறகு அன்றைக்கு முழுக்க யாரிடமும் பேச மாட்டார். நானோ ஈர நெஞ்சுக்காரன். அதே தாய்க்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, பின்னாலேயே என் வாக்கியத்தை அனுப்பி வைப்பேன்.

அப்படி இருக்கும்போதுதான் பாய் வந்தார். கல்யாண வீடுகளுக்குப் பிரியாணி ஆக்குகிற பண்டாரி. பெரிய சரீரம், வெள்ளைத் தாடி. வலது கையில் கட்டுப் போட்டுக் கழுத்தில் தொட்டில் மாதிரி தொங்கவிட்டிருந்தார். சித்தையன்கோட்டையில் ஒரு கல்யாணத்தை முடித்துவிட்டு, காலி தேக்சாப் பாத்திரங்களோடு வேனில் திரும்பியிருக்கிறார். வழியில் போலீஸ் மறித்து எல்லாவற்றையும் இறக்கச் சொல்லியிருக்கிறது. ஒரு பாத்திரம் ஆள் உயரம். "எதுக்குங்கய்யா இறக்கணும்?" என்று கேட்டிருக்கிறார். அந்த ஒரு கேள்விக்கு இரண்டு நாள் ஸ்டேஷன். வெளியே வரும்போது வலது மணிக்கட்டு உடைந்திருந்தது.

மேடம் வழக்கம்போல ஆரம்பித்தார். "உங்கள அடிச்சதை யாரு பாத்தா?"

பாய்க்குத் தாடி துடித்தது. "என்னம்மா கேக்குறீக? லாக்கப்புக்குள்ள வச்சு அடிச்சா யாரும்மா பாப்பா? பத்திரிகை அடிச்சு ஊரைக் கூட்டி வச்சா அடிப்பாக?"

மேடத்திடம் அப்படிப் பேசிய ஆளை நான் பார்த்ததே இல்லை. திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"நியாயம்" என்றார் மேடம். "உக்காருங்க பாய். செத்த நேரம் மூச்சு வாங்கிக்கங்க. ஏப்பா, தண்ணி கொண்டா. நீங்க பாத்திருக்கீங்கல்ல, உங்க கண்ணால? முதல்ல இருந்து சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

ஸ்டேஷனில் விளக்கம் கேட்டு எழுதினோம். பதில் ஜோராக வந்தது. 'மேற்படி நபர் ரவுடி. இவர் பேரில் இரண்டு ஆண்டுகளாகச் சரித்திரப் பதிவேடு பராமரிக்கப்பட்டு வருகிறது. பழிவாங்கும் நோக்கில் பொய்ப் புகார் அளித்துள்ளார்.' நம் ஊரில் ராஜாக்களை விட்டால் ரவுடிகளுக்குத்தான் சரித்திரம் எழுதுகிறார்கள். ரவுடி எங்கே போகிறான், வருகிறான் என்று மாதாமாதம் ஒரு காவலர் நேரில் போய்ப் பார்த்து அதில் குறிக்க வேண்டும். அதுதான் முறை. நான் பழக்கதோஷத்தில் என் வாக்கியத்தைத் திறந்து, பாய் பேரை உள்ளே போட்டுவிட்டேன்.

"அழி" என்றார் மேடம். "அந்தப் பதிவேட்டைக் கேட்டு ஒரு லெட்டர் போடு."

போட்டேன். 'குற்றப் பதிவேடுகள் இரகசியமானவை. காவல்துறையினர் தவிர எவரும் பார்வையிட இயலாது' என்று பதில் வந்தது. திரும்பப் போட்டேன். திரும்ப அதே பதில், தேதி மட்டும் வேறு. அவர்களிடமும் என்னைப் போல ஒரு வடைக்காரன் இருந்திருக்க வேண்டும்.

இந்த இடத்தில் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. யாரை விசாரிக்கிறோமோ அவர்கள் பீரோவுக்குள் பதிவேடு. சாவியும் அவர்கள் இடுப்பில். உள்ளே என்ன இருக்கிறது என்று அவர்கள் சொல்வார்களாம், நாங்கள் 'அறியப்படுவதால்' என்று டைப் அடித்துக்கொள்ள வேண்டுமாம். போலீஸை விசாரிக்க ஒரு அலுவலகம், அதற்கு ஒரு போர்டு, ஒரு நீதிபதி, ஒரு துண்டு, ஒரு நான். இத்தனை பேருக்கும் சேர்த்துக் கண்ணைக் கட்டிவிட்டுத்தான் விசாரி என்றார்கள். அதற்கு மாதாமாதம் சம்பளமும் கொடுத்தார்கள். நான் வாங்கிக்கொண்டேன்.

பாய் வாரம் ஒருமுறை மாடிப்படி ஏறி வந்தார். கட்டுப் பிரித்தும் மணிக்கட்டு நேராகவில்லை. ஆனால் அவர் அழுதது அதற்காக இல்லை. "மண்டபத்துக்கே வாராகம்மா. நான் அடுப்புல நிக்கேன். காக்கிச் சட்டை உள்ள வந்து, 'ஏலே, எங்க அந்த ரவுடிப் பாய்?'னு சத்தமாக் கேக்குது. செக்கிங்காம். பொண்ணு வீட்டுக்காரக எம் மூஞ்சியையும் கறியையும் மாறி மாறிப் பாக்காக. ரெண்டு கல்யாணம் கைவிட்டுப் போச்சு. கை போனா போவுது, இடது கையில கிண்டிக்கிருவேன். பேரு போயிருச்சே, அதை நான் எந்தக் கையில கிண்ட?"

மேடம் அன்றைக்கு ஸ்டேஷனுக்கு இல்லை, இன்னும் மேலே எழுதினார். அதற்கும் மேலே எழுதினார். 'பதிவேட்டைப் பாராமல் விசாரணை செய்ய முடியாது. முடியுமென்றால் இந்த அலுவலகமே தேவையில்லை' என்று அவர் எழுதிய வரியைத் தட்டும்போது, என் வேலைக்கே உலை வைக்கிறாரே என்று இரண்டு தடவை தப்பாகத் தட்டி அழித்தேன். கடைசியில் உத்தரவு வந்தது. புகார் தொடர்பான குற்றப் பதிவேடுகளை எங்கள் அலுவலகம் நேரில் பார்வையிடலாம்.

குடை, டிபன் பாக்ஸ், நான். மூவரையும் தூக்கிக்கொண்டு மறுநாளே ஸ்டேஷனுக்குப் போய்விட்டார்.

ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கிற ஏட்டு, அவரை ரைட்டர் என்பார்கள், நல்ல மரியாதைக்காரர். "உக்காருங்க மேடம். பீரோ சாவி ஐயாகிட்ட இருக்கு. ஐயா பந்தோபஸ்துல இருக்காரு." மாலை வரை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்தோம். இரண்டாம் நாள் ஐயா இருந்தார், சாவி வீட்டில் இருந்தது. மூன்றாம் நாள் மேடம் பெஞ்சிலேயே டிபன் பாக்ஸைத் திறந்து, சாம்பார் சாதமும் கோவைக்காய் வெஞ்சனமும் சாப்பிட ஆரம்பித்தார். எனக்கு ரைட்டர் பஜ்ஜியும் டீயும் வரவழைத்தார். மூன்று நாளும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பஜ்ஜிக்கு என்ன குற்றப் பின்னணி இருக்கப் போகிறது?

"மேடம், உங்களுக்கு எதுக்குச் சிரமம்? ஜெராக்ஸ் எடுத்து அனுப்பிடுறோம்."

"ஜெராக்ஸை நீங்க பாத்துட்டு அனுப்புவீங்க தம்பி. நான் பாக்கணும்ல?" என்று சொல்லி டிபன் பாக்ஸை மூடினார். "நாளைக்குப் புளியோதரை கொண்டாரேன். உங்களுக்கும் சேத்து."

நாளைக்கும் வருவாள் இந்தப் பொம்பளை என்பது ரைட்டருக்கு உறைத்தது. சாவி அவர் மேசை இழுப்பறையிலேயே இருந்தது.

பதிவேட்டின் முதல் பக்கம். பாயின் பெயர், அத்தா பெயர், அங்க அடையாளம், தொடங்கிய தேதி. இரண்டு வருஷத்துக்கு முந்தைய தேதி. மாதாமாதம் ஒரு வரி: 'வீட்டில் பார்த்தேன். நடமாட்டத்தில் சந்தேகம் இல்லை.' இருபத்து நாலு மாதத்துக்கும் அதே வரி, அதே பேனா, அதே சாய்வு. நான் பார்த்ததும் அது ஒரு தொழில் தெரிந்த ஆளின் வேலை என்று மனசுக்குள் மெச்சினேன். பாய் கை உடைந்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த தேதியிலும் அவரை 'வீட்டில் பார்த்தேன்' என்று எழுதியிருந்தார்கள்.

மேடம் அதையெல்லாம் தாண்டி முதல் பக்கத்துக்கே திரும்பி வந்தார். அங்கே ஒட்டியிருந்த புகைப்படத்தின் மேல் விரலை வைத்தார். விரல் வைத்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. படத்தில் பாயின் கழுத்தில் வெள்ளைத் துணி. கை அதில் தொங்குகிறது. கட்டோடு அவர் எங்கள் மாடிக்கு ஏறி வந்தாரே, அதே கோலம்.

"தம்பி, இந்தப் பதிவேடு தொடங்கி ரெண்டு வருசமாச்சு. கை உடைஞ்சது இந்த வருசம். அப்ப இந்தக் கட்டு எப்ப போட்டது?"

ரைட்டர் நாற்காலியை விட்டு எழுந்தார். "அது மேடம்... படம் புதுசா மாத்துனது."

"பழைய படம் எங்க?"

"கிழிஞ்சு போயிருச்சு."

"யாரு பாத்தா?"

மேடத்தின் குரலில் சத்தம் வரவில்லை, காற்றுதான் வந்தது. விரல் மட்டும் படத்தை விட்டு நகரவில்லை. நிஜமாகச் சொல்கிறேன், அதுவரை அந்தக் கேள்வி ஒரு வியாதி என்றே நினைத்திருந்தேன்.

புகார் கொடுத்த பிறகு அந்த மனிதனைக் கூப்பிட்டு, உடைந்த கையோடு படம் எடுத்து, இரண்டு வருஷத்துக்கு முந்தைய ரவுடியாக ஆக்கியிருக்கிறார்கள். ஆக்கிய பாவிகள் கட்டை மறைக்கிற மாதிரி படம் எடுக்கவாவது மெனக்கெட்டார்களா? இல்லை. எதற்கு மெனக்கெட வேண்டும்? பதிவேட்டை யாரும் வந்து பார்க்கப் போவதில்லையே. அந்தத் தைரியத்தை நினைத்தால்தான் எனக்கு இன்னும் பல் கடிக்கத் தோன்றுகிறது.

அலுவலகத்துக்குத் திரும்பிய மேடம், நாற்காலியில் உட்கார்ந்ததும், "உன்னோட அந்த வரியைப் போட்டு முடிச்ச ஃபைல் அம்புட்டையும் எடு" என்றார்.

எடுத்தேன். பீரோவில் ஒரு தட்டு முழுக்க இருந்தது. நின்றுகொண்டே ஒவ்வொரு பெயராகப் படிக்கச் சொன்னார். எரியோட்டு ஆள் ஒருவர். வேடசந்தூர்ப் பக்கத்து லாரி டிரைவர். பழக்கடைக்காரம்மா ஒருத்தர். நாலாவதோ ஐந்தாவதோ பெயரில் என் வழக்கப்படி ஒரு ஜோக் அடித்தேன். என்ன ஜோக் என்று சொல்ல மாட்டேன்.

"சிரிப்பு வரலப்பா" என்றார் மேடம். "இவங்க பதிவேட்டையெல்லாம் யாரு பாத்தா?"

யாரும் பார்க்கவில்லை. பார்க்காமலே இவ்வளவு பேரை நான் குற்றவாளி என்று டைப் அடித்து, ரிஜிஸ்தர் தபாலில், அவரவர் வீட்டு வாசலுக்கே அனுப்பியிருக்கிறேன். போலீஸைத் திட்டி மேலே இத்தனை எழுதினேனே, அந்தப் பதிவேட்டை எழுதிய பேனாக்காரனும் நானும் ஒரே ஜாதி. அவனுக்கு இரண்டு வருஷத்துக்கு இருபத்து நாலு வரி எழுத வேண்டியிருந்தது. எனக்கு ஒரே வரி போதுமாயிருந்தது. அன்றைக்கு அந்தக் கோப்பைக் கணினியிலிருந்து அழித்தேன். வீரச் செயல் என்று எண்ண வேண்டாம். அழிக்கும்போது கொஞ்சம் வருத்தமாகவே இருந்தது.

மேடம் அறிக்கை எழுதினார். பாயின் பதிவேட்டை நீக்க வேண்டும், தயாரித்தவர் மேல் நடவடிக்கை வேண்டும், தட்டு முழுக்க இருக்கிற மற்றவர்களின் பதிவேடுகளையும் பார்க்க வேண்டும். தலைவர் கையெழுத்துப் போட்டார். அறிக்கை மேலே போனது. மேலேயிருந்து இரண்டு காகிதம் கீழே வந்தது. ஒன்று, உத்தரவுக்குத் தெளிவுரை: பதிவேடுகளைப் பார்வையிடும் அனுமதி மறு பரிசீலனை முடியும்வரை நிறுத்தி வைக்கப்படுகிறது. இன்னொன்று, மேடத்துக்கு மாறுதல். எங்கேயோ கடலோர ஊரில், கடைக்காரர்களின் எடைக்கல் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற அலுவலகத்துக்கு. அனுப்பியவருக்கு நகைச்சுவை உணர்வு என்னைவிட அதிகம்.

விடைகொடுக்கும் சாப்பாட்டுக்கு யாரை ஆக்கச் சொல்வது என்று நான் கேட்கவே இல்லை. கீழே ஒரு சின்ன மண்டபத்தில் பாய் வந்து அடுப்பு மூட்டினார். தவக்கால வெள்ளிக்கிழமை. மேடம் கறி தொட மாட்டார். அவருக்காக ஆக்கிய பிரியாணியை எங்களுக்குப் பரிமாறச் சொல்லிவிட்டு, தன் டிபன் பாக்ஸில் தயிர் சாதம் கொண்டுவந்திருந்தார். பாய்க்கு அதில் பெரிய மனத்தாங்கல். "ஒரு நாள் தள்ளி மாத்தல் வாங்கியிருக்கலாம்லம்மா?"

அப்போதுதான் சமையல் பக்கம் காக்கிச் சட்டை ஒன்று எட்டிப் பார்த்தது. மாதாந்திரச் செக்கிங். நடுத்தர வயது, வியர்த்த முகம், கையில் சின்னக் குறிப்பேடு. பாயைப் பார்த்தார், குறிப்பேட்டில் எழுதப் போனார். மேடம் சாதக் கையோடு எழுந்து வந்தார்.

"தம்பி, என்ன எழுதப் போறீங்க?"

"வழக்கமா எழுதுறதுதான் மேடம். வீட்டில் பார்த்தேன், நடமாட்டத்தில் சந்தேகம் இல்லை."

"இது வீடா?"

காவலர் தேக்சாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த எலும்பைப் பார்த்தேன்.

"நீங்க பாத்தது என்னவோ அதை எழுதுங்க. நான் ஒண்ணும் சேக்கச் சொல்லல. பாய் என்ன செய்றாரு?"

"பிரியாணி கிண்டுறாரு."

"எந்தக் கையில?"

காவலர் குறிப்பேட்டைத் தாழ்த்தினார். "இடது கையில."

"வலது கை எப்படி இருக்கு?"

"மேடம், எனக்கு ஸ்டேஷன்ல டோஸ் விழும் மேடம்."

"பொய்யா எழுதச் சொன்னா விழட்டும். கண்ணால பாத்ததுதான?"

அந்த ஆள் கெட்டவர் இல்லை. பாயின் மணிக்கட்டை அப்போதுதான் முதல் தடவையாக நின்று பார்த்தார் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு மாதமும் பார்க்க வருகிறவர்! அடுப்புப் பக்கத்தில் குந்தி, தொடையில் குறிப்பேட்டை வைத்து எழுதினார். 'மண்டபத்தில் பார்த்தேன். இடது கையால் பிரியாணி கிண்டிக்கொண்டிருந்தார். வலது மணிக்கட்டு வளைந்துள்ளது. வேலை செய்யவில்லை. நடமாட்டத்தில் சந்தேகம் இல்லை.' மேடம் இடது கையால் கண்ணாடியை ஏற்றிப் படித்தார். கையைக் கழுவிவிட்டு வந்து, அதன் கீழே 'நானும் பார்த்தேன்' என்று எழுதி, முழுக் கையெழுத்தும் பதவியும் போட்டார். "அஞ்சு மணி வரைக்கும் நான்தான் கண்காணிப்பாளர்" என்றார்.

"இதைப் பெரிய பதிவேட்டுல அப்படியே ஏத்திருவீங்கல்ல தம்பி?"

"ஏத்திருவேன் மேடம்."

பாய் அவருக்கும் ஒரு தட்டு வைத்தார். அவர் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

மேடம் குடையோடு பஸ் ஏறி வருஷங்கள் ஆகிவிட்டன. அனுமதி இன்னும் மறு பரிசீலனையில் இருக்கிறது. பாயைத் தேடி மண்டபங்களுக்கு இப்போதும் காக்கிச் சட்டை வருகிறது, ஆள்தான் வேறு. நான் அதே நாற்காலியில் இருக்கிறேன். இப்போது நான் எழுதுவது வேறு வாக்கியம்: 'பதிவேட்டைப் பார்வையிட அனுமதிக்கப்படாததால், புகார்தாரரின் பின்னணி குறித்து இவ்வலுவலகத்துக்கு எதுவும் தெரியாது, புகார் நிலுவையில் உள்ளது.' பழையதைப் போல இதற்கு வரவேற்பு இல்லை.

திண்டுக்கல்லில் ஒரு இரும்புப் பீரோவுக்குள், ஒரு ரவுடிச் சரித்திரத்தின் நடுவில், ஒரு போலீஸ்காரர் கையாலேயே எழுதிய ஒரே ஒரு உண்மை வரி இருக்கிறது என்று சொல்லித்தான் இதை முடிக்க நினைத்தேன். முடிக்க முடியவில்லை. எழுதும்போதே காதுக்குப் பக்கத்தில் கேட்கிறது:

"யாரு பாத்தா?"